தலை தட்டாத கரண்டி

எங்கள் ஊரில் குழந்தை பிறந்த செய்தி கேட்டவர்கள் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். ஆணா பெண்ணா என்பது முதற்கேள்வி. அதற்கு விடை வருவதற்குள் இரண்டாவதும் வந்துவிடும்: எத்தனை கிலோ? மூன்றுக்கு மேல் என்றால் தந்தையின் தோளில் தட்டிக் கொடுப்பார்கள், பத்து மாதமும் அவனே சுமந்தவன்போல. இரண்டரை என்றால் பரவாயில்லை என்பார்கள். எங்கள் மகள் பிறந்தபோது ஆயிரத்து முந்நூற்று நாற்பது கிராம். கிலோவில் கேட்டவர்களுக்குக் கிராமில் விடை சொல்ல நேர்ந்தவன் நான். சந்தையில் எடை ஏமாந்து சரக்கு வாங்கி வந்தவனைப் பார்க்கும் இரக்கம் அவர்கள் கண்ணில் இருந்தது.

எட்டாம் மாதத் தொடக்கத்திலேயே பிறந்துவிட்டாள். ஏழாம் மாதத்துப் பிள்ளை தங்கிவிடும், எட்டாம் மாதத்துப் பிள்ளைதான் தங்காது என்றொரு நம்பிக்கை எங்கள் பக்கத்தில் உண்டு. அதை மருத்துவமனை வாசலுக்கே வந்து, ஆரஞ்சுப் பழமும் கையுமாக என்னிடம் தெரிவித்துச் சென்றவர்கள் மூவர். மூவரும் ஆறுதல் கூற வந்தவர்கள். மகள் முப்பத்தாறு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். என் மனைவி நாள்தோறும் பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் கொடுப்பாள். செவிலியர் அதைக் குழாய் வழியாக மூக்கினுள் செலுத்துவார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு மர நாற்காலி. கூட்டுறவு வங்கியில் எழுத்தராக இருப்பவள், வங்கியின் நாற்காலியை விட அந்த நாற்காலியில்தான் அவ்வாண்டு அதிக நேரம் அமர்ந்திருந்தாள்.

ஆயிரத்து எழுநூற்று எண்பது கிராம் ஆனதும் மகளை எங்களிடம் ஒப்படைத்தார்கள். குழந்தை மருத்துவர் நடுவயதுப் பெண்மணி. சொல்லைச் சிக்கனமாகச் செலவிடுபவர். தாய்ப்பால் எவ்வளவு கிடைக்கிறதோ அது முதலில். போதாததற்கு, குறைமாதக் குழந்தைகளுக்கென்றே செய்த பால்மாவைக் கரைத்து, ஒருவேளை விட்டு ஒருவேளை முப்பது மில்லி. புட்டி கூடாது, பாலாடையால்தான் புகட்ட வேண்டும். தாயோ தந்தையோ மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உடற்சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும். வியாழன்தோறும் எடை பார்க்க வர வேண்டும். நாளொன்றுக்கு இருபது முப்பது கிராமாவது ஏற வேண்டும். ஏறாவிட்டால் மறுபடியும் பெட்டிக்குள் வைத்துக் குழாய் வழியாகப் புகட்ட நேரும். இவ்வளவுதான் அவர் சொன்னது. கடைசி வாக்கியத்தை என் மனைவி வழியெல்லாம் சுமந்து வந்தாள். இன்னொரு முறை அந்தக் கண்ணாடிக்கு அப்பால் பிள்ளையை விட்டுவிட்டுத் தன்னால் வீடு திரும்ப இயலாது என்று ஆட்டோவில் வைத்தே சொல்லிவிட்டாள். அவள் மிகைபடப் பேசும் வழக்கமுடையவள் அல்லள்.

பால்மாவு டப்பாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தன்னை வாங்க வேண்டாம் என்று தன் நெற்றியிலேயே எழுதிக்கொண்டு விற்பனைக்கு வரும் பொருள் உலகில் அது ஒன்றாகத்தான் இருக்கும். தாய்ப்பாலே குழந்தைக்குச் சிறந்தது என்னும் வாசகம் பெரிய எழுத்தில் முன்புறத்தில் இருக்கிறது. அறிவுரை சரியானதே. ஆனால் ஒருவேளைக்குப் பதினைந்து மில்லிக்கு மேல் சுரக்காத நெஞ்சோடு, பன்னிரண்டு நாள் வெந்தயமும் பூண்டும் தின்று தோற்ற ஒருத்தி, அந்த டப்பாவை நாளுக்கு ஆறுமுறை திறக்கும்போதெல்லாம் அதைப் படிக்க வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் அவள் டப்பாவைத் திருப்பி வைத்தாள். பின்புறத்தில் கரைக்கும் முறை அச்சிட்டிருந்தது. அந்தத் தமிழ், இயந்திரம் பெயர்த்ததா, இயந்திரமாகிவிட்ட மனிதர் பெயர்த்ததா என்று ஐயுறத்தக்கது. எழுவாய் ஓரிடத்தில் கிடந்தது. பயனிலை எங்கோ போயிருந்தது.

பள்ளியில் தமிழ் கற்பிப்பவன் இதைப் பொறுப்பானா? அன்றே ஒரு வெள்ளைத் தாளில், கரைக்கும் முறையை ஏழு வரிகளில் பிழையறத் திருத்தி எழுதிக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டினேன். 'கொதித்து ஆறிய நீர் முப்பது மில்லிக்கு மாவு ஒரு கரண்டி' என்பது அதன் மூன்றாம் வரி. டப்பாவில் அவ்வரிக்குப் பக்கத்தில் ஒரு சிறு படமும் இருந்தது: நிரம்பிய கரண்டியின்மேல் ஒரு கத்தியின் முதுகு. அதன் கீழிருந்த எழுவாயில்லாத வாக்கியத்தை விட்டுவிட்டேன், படத்துக்கு உரையும் எழுதவில்லை. கண்ணுள்ளவர்க்குப் படமே போதும் என்று எண்ணினேன். தாளை ஒட்டி முடித்ததும் டப்பாவை அலமாரியின் உட்புறத்துக்குத் தள்ளினேன், அந்தத் தமிழ் மறுபடியும் கண்ணில் படக்கூடாதென்று.

முதல் வாரம் வருகையாளர்களால் நிறைந்தது. கையைக் கழுவுங்கள் என்றால் புண்பட்டார்கள். கழுவிய கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பிள்ளையை வாங்கினார்கள். கைம்மாறிக் கைம்மாறிப் போன பிள்ளை, பாலாடை வாயருகே வரும்போது களைத்து உறங்கிப்போகும். ஒவ்வொருவரும் உள்ளங்கையில் ஏந்தி, மேலும் கீழும் மெல்ல அசைத்து, ஒரு மதிப்பு உரைத்தார்கள். தேங்காய் வாங்குபவர்கள் இதைவிடக் கூச்சத்தோடு அசைப்பார்கள். பிறகு மருந்து சொன்னார்கள். வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவச் சொன்னார் ஒருவர். பால்சுறாப் புட்டை மூன்று வேளையும் தின்றால் ஊறும் என்று என் மனைவியிடம் சொன்னவர், தம் வீட்டில் அடுப்பெரியும் திசையையே அறியாத ஓர் ஆண்மகன். பவுடர்ப் பாலில் வளர்ந்த பிள்ளைக்கு ஒட்டுதல் இராது என்றாள் ஓர் அம்மாள். அவளுடைய தாய்ப்பால் மக்கள் இருவரும் அவளைக் கோவிலூர்ப் பக்கம் தனிவீட்டில் வைத்துவிட்டு, பொங்கலுக்கொரு முறை வந்து பார்க்கிறார்கள்.

இவர்களுள் தலையாயவர் எங்கள் சின்ன மாமா, என் தாயின் தம்பி. மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற பிறகு ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்ப்பவர். அவர் வந்த காலையில் நான் சட்டையைத் திறந்துவிட்டு, மகளை மார்போடு சேர்த்துப் பழஞ்சேலையால் சுற்றிக் கட்டிக்கொண்டு கூடத்தில் சாய்ந்திருந்தேன். மாமா வாசலிலேயே நின்று, பார்க்கக்கூடாததைப் பார்த்தவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆம்பளை அடைகாக்கிற காலமும் வந்துவிட்டதா என்று சுவரிடம் கேட்டார். பிறகு, தெருவைப் பார்த்துக் கையசைத்தார். வாசலில் ஒரு கழுதையும் அதன் குட்டியும் அதனை ஓட்டிவந்தவரும் நின்றிருந்தார்கள். ஒரு சங்கு கழுதைப்பால், கறந்த சூட்டில் புகட்டினால் எடையும் ஏறும், சளியும் அண்டாது, குரலும் மணிபோல் இருக்கும் என்று மாமா விளக்கினார். மருத்துவர் வேறெதையும் கொடுக்கச் சொல்லவில்லையே என்று நான் இழுத்துக்கொண்டிருக்கும்போது என் மனைவி உள்ளிருந்து வந்தாள்.

"மாமா, நீங்க சின்னப்புள்ளையில இதக் குடிச்சீகளா?"

"பின்ன? மூணு நாளு குடுத்தாகளாம் எனக்கு."

"அதேன் மாமா. பாத்தாலே தெரியுது."

மாமா அதைப் பாராட்டாகவே ஏற்றுக்கொண்டார். கழுதை மட்டும் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தது.

அந்த வியாழனன்று எடை ஆயிரத்து எண்ணூற்றுப் பத்து. ஏழு நாளைக்கு முப்பது கிராம். ஒரு நாளைக்கு ஏறியிருக்க வேண்டியது. யார் யார் தூக்கினார்கள் என்று மருத்துவர் கேட்டார். நான் பட்டியல் சொல்லத் தொடங்கினேன். நான்காவது பெயரிலேயே அவர் கையமர்த்திவிட்டார். இனி வீட்டார் தவிர ஒருவரும் தொடக்கூடாது, அடுத்த வியாழனுக்குள் குறைந்தது நூற்றைம்பது கிராமாவது ஏறியிருக்க வேண்டும், இல்லையேல் உள்ளே என்று சொல்லிவிட்டு அடுத்த குழந்தையை அழைத்தார்.

வீட்டார் என்று எங்களுக்கு இருந்தவள் மானகிரியில் என் அக்கா ஒருத்தி. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். கண்மாய்க்குக் கீழே இரண்டு ஏக்கர் நெல் வைத்திருக்கிறாள். அவளிடம் செய்தியைத் தொலைபேசியில் சொன்னபோது பயிருக்கு மேலுரம் போடும் வாரம். வயலை அத்தானிடம் ஒப்படைத்துவிட்டு, மறுநாள் முதற்பேருந்தில் வந்து இறங்கினாள். இறங்கியது முதல் அரைநாள் தொலைபேசியில் அத்தானுக்கு யூரியாப் பாடம் நடந்தது. ஏக்கருக்கு இவ்வளவுதான், தண்ணீரை வடித்துவிட்டுத் தூவ வேண்டும், கை தாராளமாகப் போனால் பயிர் கருகிவிடும், உங்கள் கையைப் பற்றி எனக்குத் தெரியும் என்றெல்லாம் கண்டிப்பான குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தான் மறுமுனையில் என்ன சொன்னாரோ, "நீக பாசத்தக் காட்ட வேற எடமா இல்ல?" என்று கேட்டுவிட்டு வைத்தாள். இந்த வாக்கியத்தை நான் பின்னர் நினைத்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

அடுக்களை அவள் கைக்குப் போனது. முதலில் என் மனைவியை உறங்கச் சொன்னாள். ஆறு வாரத்தில் அவளிடம் எவரும் சொல்லாத அறிவுரை அது. குளிர்பெட்டியில் இருந்த தாளை வாய்விட்டுப் படித்து, தம்பி எழுத்து அச்சுப்போல இருக்கிறது என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. பாலாடையைக் கொதிநீரில் போட்டு எடுத்தாள், நீரை அளந்தாள், அலமாரியின் உட்புறத்தில் இருந்த டப்பாவை வெளியே எடுக்காமலே திறந்து மாவை அள்ளினாள். அள்ளும்போது, "லாபம்" என்றாள்.

களத்தில் நெல் அளக்கும்போது முதற்படியை ஒன்று என்று சொல்லமாட்டார்கள். லாபம் என்பார்கள், அதற்குப் பிறகே இரண்டு, மூன்று. முப்பது மில்லிக்கு ஒரே கரண்டிதான் ஆகையால், அக்காவின் கணக்கில் இரண்டு வருவதே இல்லை. ஒவ்வொரு வேளையும் லாபம், லாபம், லாபம். வெளிநாட்டு மாவுக்கும் நம் களத்து மரபு பொருந்துகிறதே என்று நான் மெய்ம்மறந்தேன். மறுநாளே சக ஆசிரியர் ஒருவரிடம் சொல்லி மகிழ்ந்தேன். மரபில் திளைத்துக்கொண்டிருந்தவன் கரண்டியைப் பார்க்கவில்லை.

கரண்டியில் நடந்தது இது. அக்கா தன் வாழ்நாளில் எந்தப் படியையும் தலை தட்டி அளந்தவள் அல்லள். தானியத்தைப் படியில் கொட்டி, விளிம்போடு கையாலோ கோலாலோ வழித்து அளப்பது கடைக்காரன் அளவு. அக்கா அளந்தால் படிக்குமேல் கோபுரம்போல் குவிந்து, இனி ஒரு மணியும் நிற்காது என்னும் நிலையில்தான் கை நிற்கும். அறுவடைக்கு இயந்திரம் வந்துவிட்ட பின்னும், களம் துப்புரவு செய்பவர்களுக்கு அவள் படியால்தான் நெல் அளக்கிறாள். அவள் களத்துக்கு ஆள் கிடைக்காமல் போனதே இல்லை. தலை தட்டி அளந்தால் அந்த வீடு விளங்காது என்பது அவளுடைய உறுதி. கூலிக்கு வந்தவர்களுக்கே குவித்து அளந்தவள், தம்பி மகளுக்கு, அதுவும் எட்டாம் மாதத்தில் பிறந்து எடைக்குத் தவிக்கும் பிள்ளைக்கு, தலை தட்டுவாளா? கரண்டியை மாவுக்குள் ஆழச் செருகி, மலையாக மொண்டு, சிந்தாமல் கொண்டுவந்து நீரில் கவிழ்த்தாள். மலை நின்ற கரண்டி. வேளைதோறும் லாபம்.

சனிக்கிழமை பிள்ளை கூடுதலாக அழுதது. பசி என்றோம். ஞாயிறன்று, முக்கி முக்கி முகம் சிவந்து, கோழிக்குஞ்சின் எச்சம்போல இறுகிய ஒரு துளி வெளியேற்றியது. உடம்பு தேறுகிறது என்றோம். நனையும் துணிகள் குறைந்தன. துவைக்கும் வேலை குறைந்தது என்று நான் நகையாடியதாகவும் நினைவு. குடித்ததைக் கக்கியது. கக்கியதை ஈடுகட்ட அக்கா அடுத்த கரண்டியை இன்னும் அன்போடு மொண்டாள். வாய் உலர்ந்த பிள்ளை பாலாடையைக் கண்டதும் பறந்து பறந்து குடித்தது. அது தாகம் என்று எங்கள் மூவருக்கும் தோன்றவில்லை. பசி பசி என்று சொல்லிச் சொல்லி, உப்பைத் தின்றவனுக்கு மேலும் உப்பையே ஊட்டிக்கொண்டிருந்தோம்.

என் மனைவிக்குத்தான் முதலில் ஐயம் எழுந்தது. திங்கட்கிழமை காலை, அக்கா குளிக்கப் போயிருந்தபோது என்னிடம் வந்தாள். நனைந்த துணிகளை அவள் எண்ணியிருக்கிறாள்; பெட்டியருகே செவிலியர் அப்படித்தான் எண்ணுவார்களாம். நேற்று முழுவதும் மூன்று. ஏதோ சரியில்லை, இன்றே போகலாம் என்றாள். வியாழன் வரட்டும் என்றேன் நான். அக்கா வந்த பிறகுதான் பிள்ளை வயிறு நிறையக் குடிக்கிறது, வந்து உதவுகிறவள்மீது குற்றம் கண்டுபிடிக்காதே என்றும் சொன்னேன். சொற்களைத் தேர்ந்து பேசுவதாக எனக்கு நல்ல பெயர் உண்டு.

"நான் மதினியச் சொல்லல. புள்ளையச் சொல்றேன். நீங்க வரலைன்னா நாங்க ரெண்டு பேரும் போறோம்."

இரண்டு பேர் என்று அவள் குறித்தது தன்னையும் பிள்ளையையும். அக்கா ஈரத்தலையோடு வந்து நின்று, நானும் வருகிறேன் என்றாள். நால்வரும் போனோம்.

எடை ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு. இருபது கிராம் இறங்கியிருந்தது. மருத்துவர் பிள்ளையின் உச்சிக்குழியை விரலால் தொட்டுப் பார்த்தார். குழி சற்றே அமிழ்ந்திருந்தது. தோலைக் கிள்ளிவிட்டு, அது திரும்பும் வரை பார்த்தார். இரத்தம் எடுக்கச் சொன்னார். பிறகு, மாவை எப்படிக் கரைக்கிறீர்கள் என்று கேட்டார். என் ஏழு வரியை நான் ஒப்பித்தேன். அவர் அதைச் செவிமடுத்ததாகத் தெரியவில்லை. வாயால் சொல்ல வேண்டாம், செய்து காட்டுங்கள் என்று மேசைமேல் ஒரு டப்பாவையும் அளவுக் குவளையையும் வைத்தார்.

அக்கா முன்வந்தாள். தெரிந்த வேலை. நீரை முப்பதுக்கு நேராக ஊற்றி, கண்ணருகே தூக்கிச் சரிபார்த்தாள். கரண்டியைச் செருகினாள். "லாபம்" என்று சொல்லி எடுத்தாள். வெண்ணிறக் கோபுரம். மருத்துவர் முன்னிலையில் என்பதால் வழக்கத்தைவிடச் சற்று உயரமாகவே குவித்திருந்தாள் என்று நினைக்கிறேன்.

மருத்துவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். ஒரு தாளை விரித்து, கத்தியின் முதுகால் கோபுரத்தை விளிம்போடு வழித்துத் தாளில் தள்ளினார். வழித்ததை வேறொரு கரண்டியில் அள்ளினார். அது முக்கால் கரண்டி இருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை வேளை என்று அவர் கேட்கவில்லை. அறையில் இருந்த எல்லாரும் தாமாகவே பெருக்கிக்கொண்டோம்.

குறைமாதப் பிள்ளையின் சிறுநீரகம் இன்னும் முற்றாத ஒன்று, கூடுதலான உப்பையும் புரதத்தையும் வெளியேற்ற உடம்பிலிருக்கும் தண்ணீரையெல்லாம் செலவழித்துவிடும், அதனால்தான் துணி நனையவில்லை, வாய் உலர்கிறது, எடை இறங்குகிறது என்று மருத்துவர் விளக்கினார். நான் தலையசைத்துக்கொண்டே இருந்தேன். அக்கா அசையவில்லை. தாளில் கிடந்த மாவையே பார்த்துக்கொண்டிருந்தவள், மெதுவாகக் கேட்டாள்:

"யூரியா மாதிரியா, டாக்டரம்மா?"

"ஆமாம்மா. அப்பிடித்தான்."

"கருகிருமே."

அவ்வளவுதான். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். சிறுநீரகத்தைப் பற்றி அன்று அந்த அறையில் தெளிவாக அறிந்தவர் மருத்துவருக்கு அடுத்தபடி அவள் ஒருத்திதான். படித்தவனாகிய நான், டப்பாவிலேயே தலை தட்ட வேண்டும் என்று படம் போட்டிருக்கிறதே, அக்கா கவனிக்கவில்லை போலும் என்று மருத்துவரிடம் தொடங்கினேன்.

"டப்பாவ அவுக எங்க பாத்தாக?" என்றாள் என் மனைவி. "நீங்கதான அத உள்ள தள்ளி வச்சீக. அவுக பாத்தது ஒங்க தாள."

மருத்துவர் என்னைப் பார்த்தார். அந்தத் தாளில் தலை தட்டுவதைப் பற்றி ஏதேனும் இருந்ததா என்று கேட்டார். இல்லை. ஏழு வரியில் ஒற்றுப்பிழை ஒன்றும் இல்லை. பிள்ளைக்கு வேண்டிய ஒரு வரியும் இல்லை. டப்பாவின் கொச்சைத் தமிழில், எழுவாயைத் தொலைத்த அந்த வாக்கியத்தில், அது இருந்தது.

பிள்ளையை உள்ளே வைத்தார்கள். எது நேரக்கூடாதென்று என் மனைவி ஆட்டோவில் சொன்னாளோ அது நேர்ந்தது. இரண்டு நாள், மெல்லிய குழாய் வழியாக நரம்பில் சொட்டுச் சொட்டாக மருந்துநீர். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அதே மர நாற்காலி. அவள் அதில் அமர்ந்து, நனையும் துணிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அக்கா வராந்தாவின் விசிப்பலகையில் அமர்ந்து, தன் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஊருக்குப் போகிறேன், இனி என் கை பிள்ளைமேல் படவேண்டாம் என்று என்னிடம் சொன்னாள். நானும், அவள் மனம் ஆறட்டும் என்று, பேருந்து நிலையம் வரை வருகிறேன் என்றேன். பிழைமேல் பிழை செய்வதில் அவ்வாரம் எனக்கு நல்ல பயிற்சி இருந்தது.

என் மனைவி எழுந்து வந்தாள். அக்காவின் மடியிலிருந்த பையை எடுத்துத் தன் நாற்காலிக்கு அடியில் வைத்தாள்.

"நீங்க போயிட்டா நான் எப்ப தூங்க, மதினி? குவிச்சு அளக்குற கைக்குத் தலை தட்டத் தெரியாதா? இவுகள நம்பி நான் டப்பாவத் தர மாட்டேன்."

அக்கா தங்கினாள். புதன்கிழமை ஆயிரத்து எண்ணூற்று முப்பதோடு பிள்ளை வீடு வந்தது. அடுத்த வியாழன் வரை எட்டு நாள் என்று மருத்துவர் தவணை கொடுத்தார்.

தலை தட்டுவது என்பது அக்காவுக்கு நாம் நினைப்பதுபோல எளிதாக இல்லை. பிள்ளை உணவின்மேல் கத்தி படக்கூடாது என்றாள்; அதில் அவளை ஒருவரும் அசைக்க முடியவில்லை. டப்பாவின் வாயிலேயே வழிப்பதற்கென்று ஒரு தகடு இருந்ததை என் மனைவி காட்டினாள். அது நேராக இல்லை என்று அக்கா ஒதுக்கினாள். முடிவில் என் மேசைமேல் இருந்த எஃகு அடிக்கோலை எடுத்துக்கொண்டு போனாள். மாணவர் கட்டுரைகளில் பிழைகளுக்கு அடிக்கோடிட நான் வைத்திருந்த கோல். வேளைதோறும் அதைக் கொதிநீரில் போட்டு எடுத்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு கரண்டியை வழித்தாள். முதல் நாள் ஒவ்வொரு வழிப்புக்கும் ஒரு பெருமூச்சு வந்தது. ஏதோ பாவம் செய்கிறவள்போல, வழித்தவுடன் அரிசிப் பானையைத் திறந்து, ஒரு பிடி அரிசியைக் குவித்து அள்ளிக் கொல்லைச் சுவரின்மேல் வைத்துவிட்டு வருவாள். எங்கள் தெருக் காகங்கள் அவ்வெட்டு நாளும் நன்றாகத் தேறின. லாபம் என்று சொல்வதை மட்டும் அவள் விடவில்லை. மருத்துவர் அதைத் தடுக்கவும் இல்லை.

குளிர்பெட்டியில் இருந்த என் தாள் காணாமற் போயிருந்தது. அந்த இடத்தில் டப்பாவின் படத்தைக் கத்தரித்து ஒட்டியிருந்தாள் என் மனைவி. கத்தியின் முதுகு, வழித்த கரண்டி. அதன் பக்கத்தில் அந்தக் கொச்சை வாக்கியம், அவ்வாறே.

துணிகள் நனைந்தன. ஒருநாள் பதினொன்று. என் மனைவி எண்ணிச் சொன்னபோது, பள்ளித் தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்ட தலைமையாசிரியரைவிட நான் மகிழ்ந்தேன். துவைப்பது என் பங்கு. நகையாட்டு ஒன்றும் தோன்றவில்லை.

வியாழனன்று செவிலி பிள்ளையைத் தராசின் தட்டில் படுக்க வைத்தபோது எண்கள் சற்று நேரம் நிலைகொள்ளாமல் ஓடின. பிள்ளை காலை உதைத்துக்கொண்டிருந்தது. என் மனைவி எண்ணைப் பார்க்கவில்லை, செவிலியின் முகத்தைப் பார்த்தாள். எண் நின்றது: இரண்டாயிரத்து அறுபது. மருத்துவர் குறித்துக்கொண்டு, அடுத்த வாரம் வாருங்கள் என்றார். உள்ளே என்னும் சொல் அவர் வாயில் வரவில்லை. அதுவே எங்களுக்குப் பரிசு.

ஆட்டோவில் திரும்பும்போது அக்காவின் தொலைபேசி ஒலித்தது. சின்ன மாமா. அக்காவுக்கு எப்போதும் ஒலிபெருக்கியில் வைத்துத்தான் பேச வரும். அவர் குரல் ஆட்டோ முழுவதும் கேட்டது. எத்தனை கிலோ என்று கேட்டார்.

அக்கா, மனைவியின் மடியில் உறங்கும் பிள்ளையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, "எங்க மாமா, ஒன்னே முக்காலுதேன். ஏதோ இருக்குது" என்றாள்.

முந்நூற்றுப் பத்து கிராமை ஒரே மூச்சில் விழுங்கிவிட்டாளே என்று நான் திடுக்கிட்டு வாயைத் திறந்தேன். அக்கா தொலைபேசியைக் கையால் மூடிக்கொண்டு என்னை அடக்கினாள்.

"சும்மா இரு, தம்பி. கண்ணு பட்டுரும். புள்ளை எடைய ஊருக்குச் சொல்லும்போது தலை தட்டித்தேன் சொல்லணும்."

என் மனைவி சிரித்தாள். எட்டு வாரமாயிற்று அவள் சிரித்து. பிள்ளை குலுங்கி விழித்துவிடப் போகிறதே என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அக்கா கையை எடுத்தபோது மாமா இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தார். வீடு தேடிக் கழுதையைக் கொண்டுவந்து நிறுத்தியும் மதியாதவர்களைப் பற்றி ஏதோ சொல்லி முடித்து, இறுதியாகத் தீர்ப்புரைத்தார்:

"அன்னிக்கே ஒரு சங்கு குடுத்திருந்தா, இந்நேரம் ரெண்டு கிலோ வந்திருக்கும்."

"ஆமா மாமா" என்றாள் அக்கா, மிகுந்த மரியாதையோடு.